ஹெட்லைட் பளபளப்பு எத்தனை நாள் நிற்கும்? காரைக்குடியிலிருந்து மூன்றரை வருடக் குறிப்பு

எங்கள் கார் 2011-ல் வாங்கியது. காரைக்குடி வீட்டின் பின்வாசலில், மேற்கே முகம் பார்த்து நின்ற வண்டி. உச்சிப்பொழுது தாண்டியதிலிருந்து பொழுது சாயும் வரை வெயில் முழுவதும் ஹெட்லைட்டின் மேல்தான். பத்து வருடத்தில் இரண்டும் பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிட்டன. தெற்கு வெயிலும் சேர்ந்து விழும் இடது பக்கம் இன்னும் மோசம்.

2022 பிப்ரவரியில் ஒரு இரவு, அம்மாவுடன் புதுக்கோட்டையிலிருந்து திரும்பும்போது, திருமயம் தாண்டிச் சாலையோரம் படுத்திருந்த மாட்டை மிக அருகில் வந்த பிறகுதான் பார்த்தேன். மறுநாளே பல்பை மாற்றினேன். பயனில்லை. வெளிச்சம் உள்ளே இருந்தது. வெளியே வரத்தான் வழியில்லை.

முதலில் பற்பசை. அரை மணி நேரம் தேய்த்ததில் நன்றாகவே தெளிந்தது. மூன்றாவது வாரம் பழைய நிறம் திரும்பிவிட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஹெட்லைட்டின் மேல்மூடியான லென்ஸ் கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அடி தாங்கும், ஆனால் புற ஊதாக் கதிரைத் தாங்காது. அதனால் தொழிற்சாலையிலேயே அதன் மேல் கெட்டியான ஒரு காப்புப் பூச்சு கொடுக்கிறார்கள். மஞ்சளாகி உரிவது முதலில் அந்தப் பூச்சுதான். நாம் தேய்க்கும்போது மிச்சமிருக்கும் காப்பையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம். மேலே வேறெதுவும் பூசாமல் விட்டால் பிளாஸ்டிக் வெறும் மேனியாக வெயிலில் நிற்கும்.

2022 ஜூனில் முறையாகச் செய்தேன். சுற்றிலும் பெயின்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, வாட்டர் பேப்பரில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக்கூட நைசாகும்) 800, 1000, 1500, 2000, 3000 என்று ஏறுவரிசையில் தேய்த்தேன். இதில் கவனிக்க வேண்டியது வழியும் தண்ணீரின் நிறம். மஞ்சளாக வழிந்தால் பழைய பூச்சு இன்னும் வருகிறது என்று பொருள். வெள்ளையாக, மோர்போல வழியும் வரை 800-ஐ விடக்கூடாது. நான் இடது பக்கம் அவசரப்பட்டு 1000-க்குத் தாவிவிட்டேன். பாலிஷ் போட்ட பிறகு நடுவில் தேமல் மாதிரி ஒரு திட்டு தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டியதாயிற்று. கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட் என்னும் பாலிஷ் பசை, அதன் மேல் மெழுகு.

அன்றிரவு பின்சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்திப் பார்த்தேன். முன்பு சுவர் முழுக்கப் புகைபோலப் பரவிய ஒளிக்கு இப்போது மேல்விளிம்பு கோடு போட்டது போல நின்றது. அதிலிருந்து மாதம் ஒருமுறை அதே சுவரில், அதே தூரத்தில், ஒரு படம். பகலில் லென்ஸை மட்டும் பார்த்துத் தேறிவிட்டது என்று நினைப்பதைவிட இது நம்பகமானது.

மாதாமாதம் மெழுகு போட்டவரை பழுதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மாதம் விட்டுப்போனது. தை பிறக்கும்போது இடது பக்கம் மங்கத் தொடங்கியிருந்தது. ஆக, மெழுகு என்பது மாதக் கணக்கு மட்டுமே.

அந்தச் சமயத்தில் எங்கள் வளவுச் சுவரில் ஒரு பக்கம் பூச்சு வேலை நடந்தது. பழைய சுண்ணாம்புப் பூச்சு, மேலே முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த மெல்லிய பூச்சு, தொட்டால் பளிங்குபோல வழுக்கும். கொத்தனாரிடம், “ஐயா, இந்தப் பளபளப்பு நூறு வருடம் எப்படி நிற்கிறது?” என்று கேட்டேன். “தம்பி, தேய்க்கிறது பாதி வேலை. மேல்பூச்சு கெடாமல் இருக்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் போதும், சோப்புத்தூள் கொண்டு வந்தால் போயிற்று” என்றார். எனக்குத் தேவையான பதில் அதுதான்.

2023 பிப்ரவரியில் இரண்டு பக்கமும் இரண்டு விதமாகச் செய்தேன். வலது பக்கம் 3000 வரை தேய்த்துப் பாலிஷ் செய்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, செராமிக் கோட்டிங் என்னும் மெல்லிய திரவக் காப்புப் பூச்சு. இடது பக்கம் புற ஊதாக் காப்புள்ள டூ கே கிளியர் கோட், அதாவது ஹார்ட்னர் என்னும் இறுக்கி கலந்து அடிக்கும் நிறமற்ற பெயின்ட். இதற்குப் பாலிஷ் கூடாது. 1000-த்தோடு நிறுத்திவிட வேண்டும். அந்தச் சொரசொரப்பில்தான் கிளியர் பிடிக்கும். இதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்னும் ரசாயனம் இருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு. துணி முகமூடி போதாது, பெயின்ட் ஆவியையும் தெறிக்கும் நுண்துளியையும் தடுக்கும் வடிகட்டி உள்ள ரெஸ்பிரேட்டர் (மூச்சுக் கவசம்) வேண்டும், திறந்த வெளியும் வேண்டும். அது இல்லையென்றால் பெயின்டரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி ஈரப்பூச்சில் ஒட்டிவிடும் என்பதால் விடியற்காலையில் வாசல் தெளித்து, மண் அடங்கிய பிறகு அடித்தேன்.

அந்த வாரமே இன்னொன்றும் செய்தேன். பின்விளக்குகளுக்கும் அதே வயதுதான், ஆனால் அவை மங்கவில்லை. அவை அக்ரிலிக்; வெயிலுக்கு எளிதில் மஞ்சளாகாது. எனவே வண்டியைத் திருப்பி, முகம் வீட்டுச் சுவரைப் பார்க்க நிறுத்தத் தொடங்கினேன். மேற்கு வெயில் இப்போது பின்விளக்குகளுக்கு. என் கணக்கில் வரும் நாட்களில் ஒரு பங்கு இந்த நிழலுக்குச் சேர வேண்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செராமிக் பக்கம் ஏறக்குறைய பதினொரு மாதம் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டது. பிறகு படியத் தொடங்கியது. மங்கல் வரும்வரை காத்திருக்காமல் 2024 ஜனவரியில் லேசாகப் பாலிஷ் செய்து மறுபூச்சு, 2025 ஜனவரியில் இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒரு மணி நேர வேலை. சுவர்ப் படத்தில் இன்றுவரை விளிம்பு கலையவில்லை.

கிளியர் கோட் பக்கம் இரண்டரை வருடமாக ஒரு பூச்சோடு நிற்கிறது, தெளிவிலும் அதுதான் மேல். ஆனால் பானட் ஓரத்தை ஒட்டிய மூலையில் நகக்கண் அளவுக்கு உரிந்திருக்கிறது. அந்த இடுக்கில் பேப்பர் சரியாக எட்டவில்லை, நானும் விட்டுவிட்டேன். செராமிக் தேய்ந்தால் மறுபடி பூசலாம். கிளியர் உரிந்தால் முழுவதும் எடுத்தாக வேண்டும். வருடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடியவருக்கு நான் செராமிக்கைத்தான் சொல்வேன்.

கழுவுவதில் கற்றது: போர் தண்ணீரின் உப்பு காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும், உடனே துடைக்க வேண்டும். நான் முற்றத்து அண்டாவில் பிடிக்கும் மழைத்தண்ணீரையே ஹெட்லைட்டுக்கு வைத்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் மோதி ஒட்டிய பூச்சியைச் சுரண்டாமல், ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்து எடுக்கிறேன். வண்டியைக் கழுவ ஒருமுறை வெளியே விட்டபோது ஒரு கடையில் டீசல் தொட்டுத் துடைத்தார்கள். அதற்குப் பிறகு எங்கும் விடவில்லை. பெட்ரோலும் தின்னரும் அதைவிடக் கேடு, பாலிகார்பனேட்டில் மயிரிழை வெடிப்புகள் விழும். அவை எந்தப் பாலிஷுக்கும் போகாது. உள்பக்கம் படியும் மங்கலும் அப்படித்தான், வெளியிலிருந்து தேய்த்துப் பயனில்லை.

ஆவணி தொடங்கிவிட்டது. மழைக்கு முன் இடது மூலையைச் சரிசெய்ய வேண்டும். இந்த முறை லைட்டைக் கழற்றி வெளியே வைத்தே தேய்க்கப் போகிறேன்.