சர்வீஸுக்குப் போய் வந்த வேன்

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் வேனைக் காவடிக்கு முன்னால் முழு சர்வீஸுக்கு விட்டோம், அதுவரை ஒழுங்காக ஓடிய வண்டி மறுநாளே நடுவழியில் நின்றது. யாரோ ஒரு ஹோஸ் கிளிப்பைச் சரியாக இறுக்கவில்லை. "நல்லா ஓடினதை ஏன்டா நோண்டினீங்க?" என்றார் மாமா.

சிரிப்பதற்கில்லை. இரண்டாம் உலகப்போரில் வாடிங்டன் என்ற உயிரியலாளர் பிரிட்டிஷ் விமானப்படைக் கடலோரப் பிரிவின் லிபரேட்டர் விமானப் பதிவேடுகளைப் புரட்டியபோது, 50 மணி நேரம் பறந்ததும் செய்யும் சோதனை முடிந்த கையோடுதான் பழுதுகள் அதிகம், பறக்கப் பறக்கக் குறைகின்றன என்று கண்டார், அதாவது சோதனையே சிலதைக் கெடுத்தது. 1978-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமான நிறுவனத்தின் நோலனும் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்த அறிக்கையும் அதே பக்கம்தான்: பெரும்பாலான பாகங்களை வயதை மட்டும் பார்த்துக் கழற்றிப் பயனில்லை.

ஆனால் திரும்பத் திரும்பப் பாரம் ஏறி இறங்குவதால் வரும் உலோகக் களைப்பு விரிசல் சத்தமில்லாமல் வளரும், அதைத் தேடியே ஆகவேண்டும். மாமாவிடம் இதைச் சொன்னால் மறுபடி வேன் கதைக்கே போய்விடுகிறார்.