பாட்டில் வேண்டாமென்றால் பாலாடை இருக்கே

முந்திரி ஆலைக்கு அம்மை போனதும் பிள்ளை பாட்டிலைத் தள்ளுதா? கட்டாயப்படுத்தாதீங்க, பால் புகட்டுற மூக்கு வச்ச சின்னக் கிண்ணமான பாலாடை போதும். முதலில் அதைக் கொதிநீரில் போட்டு எடுங்க. அழுகை முற்றும் முன்னாடியே பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்க. பாலாடை மூக்கு கீழுதட்டைத் தொடணும், பால் உதடுவரை வரணும், அவ்வளவுதான்; பிள்ளையே நக்கி உறிஞ்சட்டும். படுக்க வைத்து வாய்க்குள்ள ஊற்றினால் புரையேறும். வீட்டுப் பெரியவங்க இந்தப் பழக்கத்தை தயவுசெய்து விடணும்.

அம்மை இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 30 முதல் 45 மில்லி. பீய்ச்சிய தாய்ப்பால் வெளியே அதிகபட்சம் 4 மணி நேரம், நம்ம பங்குனி வெக்கைக்கு அதிலும் குறைவு. ஃபிரிட்ஜில் 4 நாள். அடுப்பில் சூடாக்காம வெந்நீர்க் கிண்ணத்தில் வையுங்க.

பகலில் குறைச்சுக் குடிச்சாலும் ராத்திரி அம்மைகிட்ட ஈடுகட்டிடும். மூத்திரம் நாளைக்கு 6 தடவைக்குக் குறைஞ்சா உடனே டாக்டரிடம் காட்டுங்க.