முதல் வேட்டை வில்: காசு எங்கே போகணும், எங்கே போகக் கூடாது

தென்னாப்பிரிக்காவில் வேட்டைக்கு முதல் காம்பவுண்ட் வில் (நுனிகளில் சக்கரம் வைத்தது) வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் காட்டுவது வேகத்தைத்தான். பெட்டியில் 310, 330 என்று அடித்திருக்கும் எண், நொடிக்கு அத்தனை அடி. 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுப்பு (நாணை இழுக்கும் நீளம்), 350 கிரெய்ன் (அம்பின் எடை அளவு) அம்பு என்று வைத்து அளந்த கணக்கு அது. உங்கள் கையில் அது வராது. 310 என்று போட்ட வில்லை 60 பவுண்டு, 28 அங்குலத்துக்கு அமைத்து 450 கிரெய்ன் அம்பை ஏற்றினால் 230 பக்கம்தான் நிற்கும். அதற்காக வருத்தப்பட வேண்டாம். கிரெய்னை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450240-ஆல் வகுத்தால் அம்பின் ஆற்றல் 53 அடி-பவுண்டு வருகிறது. டைக்கர், இம்பாலா, புஷ்பக் ஆகிய இந்த ஊர் மான் வகைகளுக்கு 20 மீட்டரில் அது தாராளம்.

இம்பாலா விஷயத்தில் வேகத்தை விட ஓசைதான் பிரச்சினை. 20 மீட்டரைக் கடக்க அம்புக்கு 0.28 நொடி ஆகும், நாணின் சத்தத்துக்கு 0.06 நொடி போதும். மிச்ச நேரத்தில் இம்பாலா குனிந்து தாவத் தயாராகிவிடும், அம்பு முதுகுக்கு மேலே போகும். நொடிக்கு 40 அடி கூட்டினாலும் 0.04 நொடிதான் மிச்சம். பாரமான அம்பும் நாணில் இரண்டு ரப்பர் சைலன்சரும் அதைவிட அதிகம் உதவும், விலையும் கொஞ்சம்.

வில் உடம்புக்குப் பொருந்துவதுதான் முதல் வேலை. கைகளை விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுங்கள், அதுதான் உங்கள் இழுப்பு நீளம். 70 அங்குலம் என்றால் 28. புதியவர்கள் பெரும்பாலும் ஒரு அங்குலம் நீளமாக வைத்துக்கொள்கிறார்கள்; தலை பின்னே சாயும், நாண் முன்கையை அறையும், அம்பு பக்கவாட்டில் சிதறும். இழுவிசைக்கு ஒரு சோதனை போதும். ஸ்டூலில் உட்கார்ந்து, வில்லை இலக்கை நோக்கியே வைத்து, மெதுவாக இழுங்கள். வில்லை வானத்துக்குத் தூக்கினால்தான் இழுக்க முடிகிறது என்றால் பாரம் அதிகம். தண்ணீர்க்குழி ஓரத்து ஹைடில் (மறைவிடத்தில்) உட்காரும்போது அந்த அசைவே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். 50-ல் தொடங்கி 60-க்கு ஏறுங்கள். லிம்பை (வில்லின் வளையும் கரத்தை) இறுக்கும் மேல் போல்ட்டும் கீழ் போல்ட்டும் சம அளவு திருக வேண்டும். எத்தனை சுற்று வரை தளர்த்தலாம் என்பது கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள்.

பட்ஜெட் வில்லில் டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ, பேர் குரூசர் மாதிரியானவை நல்ல தொடக்கம். இழுப்பு நீளத்தைப் பிரஸ் (வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவி) இல்லாமலே மாற்றலாம், பின்னாளில் தம்பிக்கோ மகளுக்கோ கொடுக்கலாம். பழைய வில் வாங்குவதிலும் தப்பில்லை, ஆனால் நான்கைப் பாருங்கள். பஞ்சு உருண்டையை லிம்ப் முழுக்கத் தடவுங்கள். இழை சிக்கினால் அங்கே விரிசல், வில்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லிம்ப் நுனியில் உள்ள கேம் சக்கரம் நேராகச் சுழல்கிறதா பாருங்கள். இழுப்பை மாற்றத் தனி மாட்யூல் (கேமில் பொருத்தும் துண்டு) வேண்டிய பழைய மாடலாக இருந்தால், உங்கள் அளவு மாட்யூல் கையில் கிடைத்த பிறகே பணம் கொடுங்கள். நாணின் வயது தெரியாவிட்டால் புது நாண், கேபிள் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள். பார்க்க வந்த யாரும் அம்பில்லாமல் இழுத்து விட வேண்டாம். ஒரே தடவையில் லிம்ப் பிளந்துவிடலாம்.

பாதிப் பேர் தவறுகிற இடம் அம்பு. வில்லுக்கு எல்லாவற்றையும் செலவழித்துவிட்டுக் கடைசியில் மலிவான அம்பு ஆறு வாங்குகிறார்கள். அங்குலத்துக்கு 9 கிரெய்ன் உள்ள குழாய் 28 அங்குலத்தில் 252, நாணில் மாட்டும் பின்முனைக் கவ்வியும் (நாக்) இறகும் 30, முனையைத் திருகும் பித்தளை இன்சர்ட் 50, முனை 125: மொத்தம் 457. முன்பக்கம் இவ்வளவு பாரம் ஏறினால் 400 ஸ்பைன் (அம்பின் விறைப்பு எண், குறைந்தால் விறைப்பு அதிகம்) வளைந்து நெளியும், 340 எடுங்கள். முனைக்கு விரியும் வகை வேண்டாம், அது திறக்கவே சக்தியைத் தின்னும். நிலையான பிளேடு, முன்கை மயிரை மழிக்கும் கூர்மை.

மேம்படுத்தும்போது முதலில் ரிலீஸ் (நாணைப் பிடித்து விடும் கைக்கருவி), அடுத்து ரெஸ்ட் (அம்பு தங்கும் தாங்கி). பேக்கேஜோடு வரும் தூரிகை ரெஸ்ட் ஹைடில் நல்லதுதான், அம்பு எப்படிச் சாய்ந்தாலும் விழாது. முடி தேய்ந்ததும் மாற்றினால் போதும். மலிவு சைட்டின் (குறிபார்க்கும் கருவியின்) திருகுகள் அதிர்வில் தளரும், நீல திரெட்லாக் பசை ஒரு துளி விட்டு, வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டு வையுங்கள். 20 மீட்டருக்கு சைட்டில் ஒரு பின் (குறிமுள்) போதும். வில்லின் முன்னே நீட்டி ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் தண்டு கடைசி. பளபளப்பாக இருப்பதால் எல்லாரும் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள்!

தென்னாப்பிரிக்காவில் வில்லுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தேவையில்லை. வேட்டை அனுமதி வேறு விஷயம்: மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும், குவாசுலு-நட்டாலில் மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோவிடம் கேளுங்கள், பண்ணைக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

தைப்பூசக் காவடி முடிந்த வாரமே பயிற்சியைத் தொடங்கினால் மே மாதக் குளிருக்குள் தோள் பழகிவிடும். ஜூனில் அடித்ததைப் புரட்டாசி விரதத்துக்கு முன்னால் ஃப்ரீசரிலிருந்து தீர்க்கவும் நேரம் இருக்கும். இந்த ஊர் மான்களுக்கு இதயமும் நுரையீரலும் முன்னே, தாழ்வாக இருக்கும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலின் பின் விளிம்பை ஒட்டி மேலேறி, உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். அமெரிக்க வீடியோவில் காட்டுகிற இடம் இங்கே வயிற்றுக்குப் போய்விடும்.

போவதற்கு இரண்டு வாரம் முன்பே பிளேடு முனையோடு எய்து பாருங்கள். பயிற்சி முனைக்கு இடப்பக்கம் விழுந்தால் ரெஸ்டை வலப்பக்கம் அரை மில்லிமீட்டர் நகர்த்தி மறுபடி எய்யுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழும் வரை அப்படியே. பலகையில் எய்த பிளேடு மழுங்கிவிடும், தீட்டாமல் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.