ஒரு இஞ்ச் பலகையும் என் புத்தக அலமாரியும்

மர மில்லில் ஒரு இஞ்ச் என்றால் கடைசியில் கைக்கு வருவது ஒரு இஞ்ச் இல்லை. இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

போன வருஷம் ஆடிக் காற்றில் காங்கேயம் பக்கம் மாமா தோட்டத்தில் ஒரு வேப்பமரம் சாய்ந்தது. விறகுக்குப் போட மனசு வரவில்லை. ஈரோட்டில் எங்கள் வீட்டு பீரோ மேல் அப்பா வாங்கி வைத்த கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியும் தூசி படிந்து கிடந்தன. 1954 முதல் 1968 வரை வெளிவந்தவை. ஆசிரியர் பெரியசாமித் தூரன் நம்ம மொடக்குறிச்சிப் பக்கத்துக்காரர் என்பதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை. சரி, அதற்கு ஒரு அலமாரியை நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். வேம்பைப் பூச்சி சுலபத்தில் அரிக்காது, அது ஒரு தைரியம்.

மில்லில் முதல் கேள்வி, "ஆணி கீணி ஏதாச்சும் இருக்குதுங்களா?" நான் தெரிந்தவன் மாதிரி, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். நாலாவது பலகையில் கிறீச்சென்று ஒரு சத்தம். பிளேடு பல் போனது, கூலிக்கு மேல் 700 ரூபாய் வைத்துவிட்டு வந்தேன். மாமாவிடம் சொன்னால் சிரிக்கிறார். "என்ற அப்பாரு காலத்துல இருந்து அதுலதான மாட்டுக் கயிறு கட்டறது, ஆணி இல்லாம இருக்குமா மாப்ளே?" இதை மரம் ஏற்றும்போதே சொல்லியிருக்கலாம். தோட்டத்து மரம் அறுக்கப் போகிறவர்கள் அடித்துண்டின் வெட்டுமுகத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். மரத்துக்குள் இரும்பு இருந்தால் பெரும்பாலும் சுற்றிலும் கருநீலக் கறை ஓடியிருக்கும். என் மரத்திலும் ஓடியிருந்தது. நான் அதை வைரம், அதாவது மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டிப் பகுதி, என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு இஞ்ச் கனத்துக்குக் காற்றில் காய ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது ஆசாரிகள் கணக்கு. தோட்டத்துச் சாளையில் (கொட்டகையில்) பலகைக்கு நடுவே ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம் கொடுத்து அடுக்கிவைத்த நான் ஏழாவது மாதமே எடுத்துவிட்டேன். இரண்டு பலகை தொட்டி மாதிரி வளைந்திருந்தன. மெஷினில் கொடுத்து இழைத்தால் போச்சு என்று தட்டுக்கான பலகைகளை எல்லாம் இழைக்கக் கொடுத்தேன். அவை வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, முன்பே கையால் இழைத்து வைத்திருந்த பக்கப்பலகை இரண்டிலும் உளி பிடித்துப் தட்டைச் செருகப் பத்துக் காடி (நீளப் பள்ளம்) வெட்டினேன். ஒவ்வொன்றும் சரியாக ஒரு இஞ்ச் அகலம். அந்தத் தூள் தொண்டைக்குள் போய் அன்றைக்குக் குடித்த டீயெல்லாம் கசந்தது.

இழைத்து வந்த தட்டுகள் முக்கால் இஞ்ச். காடியில் வைத்தால் லொடலொடவென்று ஆடுகின்றன. மில்லுக்குப் போய்க் கேட்டேன். "ரெண்டு பக்கமும் இழைச்சா அவ்வளவுதானுங்க வரும். தெரிஞ்சதுதானுங்களே!" என்றார் அங்கிருந்தவர், தலையைக்கூடத் தூக்காமல். தெரிந்திருந்தால் நான் ஏன் கேட்கிறேன்?

எங்கள் வீதி ஆசாரித் தாத்தாதான் காப்பாற்றினார். "காடிக்குள்ள தட்டுக்கு அடியில கால் இஞ்ச் சில்லு குடுங்க தம்பி. மேல குடுத்தா அசிங்கமா தெரியும்." மிச்சமிருந்த வேப்பம் துண்டிலேயே சில்லு அறுத்து, ஃபெவிகால் போட்டு இறக்கினேன். சந்துகளில் அதே மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அப்பினேன். குனிந்து பார்த்தால் தவிரத் தெரியாது.

அப்புறம் தொய்வு. தட்டு மூன்றரை அடி நீளம். புத்தகம் அடுக்கினால் ஒரு அடிக்கு எட்டுப் பத்துக் கிலோ வந்துவிடும். ஒரே வாரத்தில் நடுத்தட்டு கண்ணுக்குத் தெரிய வளைந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் நடுவில் ஒரு குத்துப்பலகை நிறுத்தியதும் நின்றுவிட்டது. தாங்கும் இடைவெளி பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்று பிறகுதான் படித்தேன். மூன்று அடிக்கு மேல் போகிறவர்கள் குத்துப்பலகையை முதலிலேயே வரைபடத்தில் போட்டுவிடுங்கள்.

உப்புத்தாள் 80, 120, 220 என்று தேய்த்ததிலும் வார்னிஷ் அடித்ததிலும் சொல்ல ஒன்றுமில்லை, கைதான் வலித்தது.

கடைசியில் கலைக்களஞ்சியத்தை அடுக்கும்போதுதான் இன்னொரு தப்பு தெரிந்தது. தட்டுக்குத் தட்டு உயரத்தை நான் புத்தகத்தின் உயரத்துக்கே வைத்திருக்கிறேன், விரல் நுழைய இடமே விடாமல். ஆனால் தட்டு மெலிந்துபோய், சில்லும் அடியில் போனதால், ஒவ்வொரு அறையிலும் கால் இஞ்ச் கூடியிருந்தது. பத்துத் தொகுதியும் உள்ளே போய்விட்டன. எடுக்கும்போது விரல் கொஞ்சம் உரசுகிறது, அவ்வளவுதான்.