வரலாற்றோடு இடம் மாறிய ரெபாசிட்டரி

எங்கள் டீம் பராமரிப்பது கடன் கணக்கு மென்பொருள். அதன் கோடும் மாற்ற வரலாறும் சேர்ந்த ரெபாசிட்டரி பல வருடங்களாக சப்வெர்ஷனில் இருந்தது. கோடில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் மென்பொருள் அது. ரெபாசிட்டரியை அதே வகை மென்பொருளான கிட்டுக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தபோது முதல் கூட்டத்திலேயே எழுந்த கேள்வி, பழைய வரலாறு வேண்டுமா என்பதுதான். இன்றைய கோடை மட்டும் எடுத்து முதல் கமிட்டாக, அதாவது முதல் மாற்றப் பதிவாக, போட்டால் ஒரே மதியத்தில் வேலை முடிந்துவிடும். பழையதைப் பார்க்க வேண்டியவர்கள் பழைய சர்வரில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். மேனேஜருக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

வட்டி கணக்கிடும் பகுதியில் ஒரு வரி இருக்கிறது. ஒரு வகைக் கடனுக்கு மட்டும், எத்தனை பைசா இருந்தாலும் அதை விட்டுவிட்டு ரூபாயை மட்டும் எடுத்துக்கொள்ளும். புதிதாகப் பார்க்கிற யாருக்கும் அது பிழை போலத்தான் தெரியும். அந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்று தேடிப் போனால் ஒரு ரிவிஷன், அதாவது எண்ணிட்ட ஒரு கமிட், கிடைக்கும். தணிக்கையில் வந்த ஆட்சேபணை என்ன, எந்தக் கடனுக்குப் பொருந்தும், யார் சொல்லி மாற்றியது எல்லாம் அதன் குறிப்பில் இருக்கும். இதைக் கண்ணெதிரில் வைக்காமல் பழைய சர்வரில் விட்டுவிட்டால், நல்ல எண்ணத்தோடு யாராவது அந்த வரியைச் 'சரி' செய்துவிடுவார்கள். வேறொரு சர்வருக்குப் போய்த் தேடும் பொறுமை அவசர வேலையில் யாருக்கும் இருக்காது.

மேனேஜரிடம், எழுதிய கோடை கணினி இயக்கும் நிரலாக மாற்றும் ஜிசிசி கம்பைலரை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். 2020 ஜனவரியில் அவர்கள் சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு வந்தபோது பல பத்தாண்டு வரலாற்றையும் கூடவே கொண்டு வந்தார்கள். பழைய கமிட் ஒவ்வொன்றிலும் அதன் சப்வெர்ஷன் எண் இன்றும் ஒரு வரியாக இருக்கிறது. கம்பைலர் உலகின் இன்னொரு பெரிய ப்ராஜெக்டான எல்எல்விஎம் 2019-இல் மாறியபோதும் பழைய எண்களை இதேபோல் குறித்து வைத்தது. அவ்வளவு பெரிய ப்ராஜெக்டுகளால் முடிந்தது நம்மால் முடியாதா என்றேன். சரி, செய்து பாருங்கள் என்றார்.

கிட்டோடு வரும் கிட்-எஸ்விஎன் கருவி மாற்றும் வேலையைத் தானே செய்துவிடும். ஆனால் அதற்கு முன் எந்தப் பயனர்பெயர் யாருடையது என்று ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். சப்வெர்ஷன் கமிட்டில் பயனர்பெயர் மட்டும்தான் பதிவாகும். கிட்டுக்கு முழுப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். பட்டியலில் இல்லாத பெயர் ஒன்று எதிரே வந்தாலும் கருவி அங்கேயே நின்றுவிடும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்தப் பட்டியல்தான். பயனர்பெயர்களில் பாதிக்கு மேல் நான் பார்த்தே இராதவர்களுடையவை. சில வெறும் இரண்டெழுத்துச் சுருக்கங்கள். டீமில் மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். "இது டேட்டாபேஸ் டிசைன் பண்ணினவர். இது ட்ரெயினியா வந்து ஆறே மாசத்துல ரிப்போர்ட் மாட்யூல் முழுசும் எழுதின பொண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கும் தெரியாத ஒரு சுருக்கத்துக்காக, வேலையை விட்டுப் போன அண்ணன் ஒருவரை ஃபோனில் பிடித்தோம். அது யாருடையது என்று சட்டென்று சொன்னார், கூடவே அந்த மாட்யூல் ஏன் இரண்டாகப் பிரிந்தது என்ற கதையையும். விலகிப் போனவர்களின் சொந்த மின்னஞ்சல் முகவரிகளை அவர்களைக் கேட்காமல் போடக் கூடாது என்று முடிவெடுத்து, எல்லோருக்கும் அலுவலக டொமைனிலேயே ஒரு முகவரி வைத்தோம். பெயரை மட்டும் முழுதாக எழுதினோம். உழைத்தவர்களின் பெயர் அவர்கள் எழுதிய வரியோடு இருக்க வேண்டும்.

அடுத்தது ரிவிஷன் எண். சப்வெர்ஷனில் கமிட்டுகளுக்கு வரிசையாக எண் உண்டு. பிழைகளையும் வேலைகளையும் பதிந்து வைக்கும் எங்கள் டிக்கெட்டுகள் முழுக்க "ஆர் இத்தனையில் சரிசெய்யப்பட்டது" என்றே இருக்கும். கிட்டில் அந்த இடத்தில் ஹாஷ் எனப்படும், வரிசை தெரியாத நாற்பது எழுத்து அடையாளம்தான். கிட்-எஸ்விஎன் ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் பழைய எண்ணை ஒரு வரியாகச் சேர்க்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று பல வழிகாட்டிகள் சொல்கின்றன. நாங்கள் அதை எடுக்கவில்லை. பழைய டிக்கெட்டில் இருக்கும் எண்ணைக் கொடுத்துத் தேடினால் கமிட் நேராக வந்து நிற்கிறது. கொஞ்சம் அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

மாற்றியது சரிதானா என்று பார்க்க, வாடிக்கையாளருக்குப் போன ஒவ்வொரு ரிலீஸையும் இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்து ஒப்பிட்டோம். ரிவிஷன் எண், தேதி போன்றவற்றை சப்வெர்ஷன் தானாக நிரப்பும் கீவேர்ட் வரிகள் எங்கும் வேறுபாடாகத் தெரிந்தன. அவற்றை நிரப்பாமல் எடுக்கும்படி சொன்ன பிறகுதான் உண்மையான வேறுபாடுகள் கண்ணில் பட்டன. காலி ஃபோல்டர்களை கிட் வைத்துக்கொள்ளாது. எங்கள் மென்பொருளோ ஏற்றுமதிக் கோப்புகளைப் போட ஒரு காலி ஃபோல்டரை எதிர்பார்க்கும். அதற்குள் ஒரு வெற்றுக் கோப்பு வைத்தோம்.

கருவியை விடப் பழக்கம்தான் கடினமாக இருந்தது. சப்வெர்ஷனில் கமிட் செய்தால் அது சர்வருக்கே போய்விடும். கிட்டில் புஷ் செய்து சர்வருக்கு அனுப்பும் வரை அது உங்கள் கணினியிலேயேதான் இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் உலகெங்கும் இருப்பவர்கள் தனித்தனியே வேலை செய்ய வேண்டும் என்பதற்காக 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை அப்படித்தான் அமைத்தார். பல வருடப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதை ஸ்லைடு போட்டு விளக்கிப் பயனில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கையாலேயே செய்ய வைத்தபோதுதான் புரிந்தது. மூத்தவர்களோடு அப்படி உட்கார இளையவர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டது பழைய கோடின் கதைகளை.

எல்லாவற்றையும் கொண்டுவர முடியவில்லை. கிட்டில் குளோன் செய்கிற, அதாவது ரெபாசிட்டரியைத் தன் கணினிக்கு நகலெடுக்கிற, ஒவ்வொருவருக்கும் முழு வரலாறும் போய்ச் சேரும் என்பதால், யாரோ எப்போதோ போட்டு வைத்திருந்த டேட்டாபேஸ் டம்ப்களை (தரவைக் கொட்டி எடுத்த கோப்புகளை) வரலாற்றிலிருந்தே நீக்கினோம். ஒருவர் திருத்தும்போது மற்றவர் தொடாதபடி பூட்டி வைக்க வேண்டிய எக்செல் படிவங்கள் மட்டும் இன்னும் சப்வெர்ஷனில்தான் இருக்கின்றன. அந்த வேலைக்கு அதுவே பொருத்தம், அதனால் அவற்றை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.