நாப்பது வயசுல உயில் எழுதுன அனுபவம்

உயில் எழுதலாம்னு இருக்கேன்னு வீட்ல சொன்னதும் பொண்டாட்டி "மொதல்ல வாய கழுவுங்க"ன்னுட்டா, அம்மா தனியா கூப்ட்டு "டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா கண்ணு"ன்னு கேக்கறாங்க.

நான் இதுல எறங்குனதுக்கு ஒரே ஒரு கணக்குதான் காரணம். கோயமுத்தூர்ல லோன் போட்டு வாங்குன பிளாட் என் பேர்ல மட்டும் இருக்கு, நான் போய்ட்டா அது மனைவிக்குத்தான்னு வீட்ல எல்லாரும் நெனச்சுட்டிருந்தாங்க. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்படி இல்லீங்க. உயில் இல்லேன்னா மனைவி, ரெண்டு புள்ளைங்க, அம்மா நாலு பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. புள்ளைங்க மைனரா இருந்தா அவங்க பங்க விக்கறதுக்கு பெத்த தாயே ஆனாலும் கோர்ட் பர்மிஷன் வாங்கணும். லோன அடைக்க பிளாட்ட வித்தே ஆகணும்னு வந்தா அவ கோர்ட்டுக்கு அலையணும். வக்கீல் இத சொன்னப்ப பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருந்தவ அதுக்கப்பறம் வாய கழுவச் சொல்லல.

வக்கீல் உடனே உயில் எழுதல, என்னென்ன இருக்குன்னு லிஸ்ட் போட்டுட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு. உண்மைய சொன்னா பாதி வேலை அதுதான். பழைய கம்பெனி சம்பள அக்கவுன்ட், பிஎஃப், எல்ஐசி, மியூச்சுவல் ஃபண்ட், அடகுல இருக்கற நகை, சொந்தக்காரருக்குக் குடுத்த கைமாத்து எல்லாம் எழுதணும், கடனையும் சேத்து. பிஎஃப்ல கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாதாம், அத ஆன்லைன்ல ஆதார் ஓடிபி போட்டு மாத்தியாச்சு.

நாமினி போட்டாச்சுல்ல, உயில் எதுக்குன்னு கேப்பீங்க. பேங்க் டெபாசிட்டுக்கு நாமினிங்கறவர் பணத்த வாங்கி வாரிசுங்களுக்காக வெச்சிருக்கறவர்தான், ஓனர் இல்ல. ஷேருக்கும் அப்படித்தான்னு 2023 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. இன்சூரன்ஸ் மட்டும் வேற, 2015 திருத்தத்துக்கு அப்பறம் கணவன் மனைவி, புள்ளைங்க, அப்பா அம்மா நாமினியா இருந்தா பணம் அவங்களுக்கே சொந்தம். அதனால நாமினி பேரும் உயில்ல இருக்கற பேரும் ஒண்ணா இருக்கற மாதிரி பாத்துக்கிட்டேன்.

பிளாட் மனைவிக்கு, ஆனா அம்மா ஆயுசு வரைக்கும் அங்க குடியிருக்க உரிமை உண்டுன்னு எழுதுனோம். இந்த ஒரு வரி இல்லேன்னா எனக்கு மனசே ஒப்பியிருக்காது. நானும் மனைவியும் ரெண்டு பேருமே இல்லாம போய்ட்டா புள்ளைங்கள யாரு வளக்கறதுங்கற எடத்துலதான் பெரிய சண்டை, எங்க அக்காவா அவ தங்கச்சியான்னு. அந்த வாரம் வீட்ல சோறு கெடச்சுது, பேச்சு கெடைக்கல. கடைசில அவ தங்கச்சிதான், புள்ளைங்களும் அங்கதான் ஒட்டும். அவளும் தனியா ஒரு உயில் எழுதிட்டா.

ஸ்டாம்ப் பேப்பர் வேண்டியதில்ல, வெள்ளைப் பேப்பரே போதும். ரெண்டு சாட்சி கட்டாயம், உயில்ல பங்கு வாங்கறவங்களையே சாட்சியா போடாதீங்க, நம்மள விட வயசு கம்மியான ஆளா பாருங்க. பதிவு பண்ணணும்னு கட்டாயமும் கெடையாது, இருந்தாலும் நாளைக்கு யாரும் கையெழுத்து அவரோடது இல்லைன்னு கெளம்பக் கூடாதுன்னு சார்பதிவாளர் ஆபீஸ் போய் பதிஞ்சுட்டோம். போட்டோ, கைரேகை, சுயநினைவோட எழுதுனதான்னு ஒரு கேள்வி, முடிஞ்சுது. வில்லங்கம் போட்டு பாத்தாலும் இது தெரியாது, நான் இருக்கற வரைக்கும் நகல் வேற யாருக்கும் குடுக்க மாட்டாங்க. எப்ப வேணா மாத்தி எழுதிக்கலாம், கடைசியா எழுதுனதுதான் செல்லும். ஒரிஜினல் எங்க இருக்குன்னு மனைவிக்கும், எல்லாத்தையும் நிறைவேத்தறவரா போட்டிருக்கற மச்சானுக்கும் சொல்லியாச்சு.

இப்ப அம்மா ஊர்ல அவங்க பேர்ல இருக்கற புஞ்சைக்கு உயில் எழுதணும்னு நிக்கறாங்க. அக்காவுக்கு எவ்வளவு எனக்கு எவ்வளவுன்னு கேட்டேன், "அத நான் வக்கீல்கிட்ட பேசிக்கறேன், நீ வண்டிய மட்டும் எடு"ங்கறாங்க.