கோன்செட்டுக்குப் பின்னால் இருந்த பெயின்ட் ஒருவழியாக உரிந்து வந்துவிட்டது

பைக் ஃபிரேமின் பழைய பெயின்டை உரித்துக்கொண்டிருக்கிறேன். ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன்செட் உட்காரும் ஹெட் ட்யூபுக்குப் பின்னால், மேல் குழாயும் கீழே இறங்கும் குழாயும் மூலையைப் பலப்படுத்தும் கசெட் தகடும் ஒன்றாக வெல்ட் ஆகியிருக்கும் மூலை இன்று சுத்தமான வெறும் இரும்பாக நிற்கிறது. விரல் நுனிகூடச் சரியாக நுழையாத இடம். கிரைண்டரைத் தொடாமல், தூசி கிளப்பாமல் எடுத்திருக்கிறேன். ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

கிரைண்டரைத் தொடாததற்குக் காரணம் உண்டு. மேலே கறுப்பு, அதற்குக் கீழே மஞ்சள், அடியில் பிரைமர். பழைய மஞ்சள், ஆரஞ்சு பெயின்ட் என்றாலே லெட் குரோமேட் என்ற ஈய நிறமி இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். இரும்பு தெரியும்வரை பிளேடால் சாய்வாகக் கீறி, ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் குச்சியைத் தேய்த்தேன். நுனி இளஞ்சிவப்பானது. அதோடு கிரைண்டரில் மாட்டும் வயர் கப், ஃபிளாப் டிஸ்க், காய்ந்த உப்புத்தாள் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டேன். ஈயம் இல்லாவிட்டாலும் ஃபிளாப் டிஸ்க் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வெல்டை ஒட்டிய இடத்தில் அது பெயின்டோடு சேர்த்துக் குழாயையும் தின்றுவிடும்.

பெயின்டை உரிக்கும் ரிமூவர் வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்னால் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மெத்திலீன் குளோரைடு, டைகுளோரோமீத்தேன் இரண்டும் ஒன்றுதான். வேகமாக உரிக்கும், மறுக்கவில்லை. ஆனால் சுமார் 40 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு அது. ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் கீழேயே தேங்கும். உடம்புக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். சாதாரண கேட்ரிட்ஜ் மாஸ்க் அதற்குப் போதாது, மெல்லிய நைட்ரைல் கையுறை சில நிமிடம்கூடத் தாங்காது. அமெரிக்காவில் வீட்டு உபயோக ரிமூவர்களில் அதை 2019-லேயே தடை செய்துவிட்டார்கள். நான் எடுத்தது பென்சைல் ஆல்கஹால் ஜெல். மெதுவானது, அவ்வளவுதான். இதற்கும் கெட்டியான பியூட்டைல் கையுறை, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, திறந்த வெளி எல்லாம் வேண்டும்.

நேரான குழாய்களில் தடவி, காத்திருந்து, பட்டித் தகட்டால் வழித்தால் முடிந்தது. அந்த மூலைதான் உயிரை வாங்கியது. ஜெல் காய்ந்துவிட்டால் வேலை செய்யாது. மூலையில் அது வழிந்து மெல்லிசாகிவிடும், மேல் கறுப்பு மட்டும் சுருங்கும், மஞ்சள் அப்படியே நிற்கும். கடைசியில் பலித்தது இதுதான். ஜெல்லைத் தடவாமல் மூலைக்குள் அப்பி நிரப்பினேன். மேலே பாலிதீன் தாளை அழுத்தி, காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டவைத்து, ஓரங்களில் டேப் சுற்றி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் தாளைப் பிரித்தால் மூன்று அடுக்கும் ஒன்றாகப் பொங்கி, வெந்த பாலாடை மாதிரி சுருண்டு கிடந்தது. கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் வெல்ட் வரியோரமாகத் தள்ளினேன், பட்டையாக வந்தது. மூங்கில் கோன்செட் கப் உட்காரும் முகத்தைக் கீறாது, அதனால்தான் இரும்பு ஊசியை எடுக்கவில்லை. பிராக்கெட்டுக்குப் பின்னால் சணல் கயிற்றை ஜெல்லில் நனைத்து, குழாயைச் சுற்றிப் போட்டு இரண்டு முனையையும் மாற்றி மாற்றி இழுத்தேன். கைக்கு எட்டாத இடமெல்லாம் பளிச்சென்று ஆனது. வழித்த சகதியைச் செய்தித்தாளில் மடித்துத் தனி டப்பாவில் போட்டு மூடிவைத்திருக்கிறேன். ஈயம் கலந்தது, சாக்கடைக்குப் போகக் கூடாது. அபாயக் கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

கசெட் தகடு குழாயோடு சேரும் இடுக்கில் ஜெல் மிச்சம் தங்கினால் புது பிரைமரை அடியிலிருந்து தூக்கிவிடும். குழாய்களின் ஓட்டைகளைக் கார்க் வைத்து அடைத்து, மரைகளில் பழைய போல்ட் முறுக்கிய பிறகு வெந்நீரில் அலசினேன். அப்புறம் கம்ப்ரசர் காற்று, அதற்கப்புறம் அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணி. துணியில் கறை வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்தேன்.

பெயின்ட் போனதும் தெரிந்த விஷயம், சைடு ஸ்டாண்டு பிராக்கெட் வேரில் மயிரிழை விரிசல். வெல்ட் வைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பக்கம் குளோரின் கலந்த பிரேக் கிளீனர் டப்பாவையே கொண்டுவரவில்லை. அது கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் வெல்டிங் சூட்டிலும் வெளிச்சத்திலும் பாஸ்ஜீன் விஷவாயு உண்டாகும்.

அடுத்து பவுடர் கோட்டிங்கா, இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமரா என்று இன்னும் முடிவாகவில்லை. பவுடர் 200 டிகிரி அளவில் வேகும், சாதாரண பட்டி அந்தச் சூட்டில் நிற்காது. பட்டி வைத்து நிரப்ப வேண்டிய துருக்குழி நிறைய இருப்பதால் எபாக்ஸி பக்கம்தான் சாய்கிறேன். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் அதுவே போதும். வெறும் இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே துருப்பூக்கும், அதனால் முன்பாதிக்கு முதலில் பிரைமர் அடித்துவிடுவேன்.

பின்பக்க மட்கார்டு வளைவும் பேட்டரி டிரேயும் இன்னும் பாக்கி. சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் மட்டும் ஜெல்லும் துணியும் தவிர வேறெதுவும் படவிடப் போவதில்லை.